பூ ஒடித்த வாழை

சிங்கப்பூரில் கல்யாண வாசலில் கட்டுகிற வாழைமரம் சிங்கப்பூரில் வளர்ந்ததாக இருக்காது. சில அடுக்குமாடி புளோக்குகளுக்குக் கீழே யாராவது ஆசைக்கு வைத்த வாழை ஒன்றிரண்டு நிற்கும். அதில் கத்தி வைத்தால் கல்யாணத்துக்குப் பதில் வேறு விசேஷம் நடந்துவிடும். ஆகவே மரம் பாலத்தைத் தாண்டி மலேசியாவின் ஜொகூரிலிருந்துதான் வரவேண்டும். மாவிலை, வாழையிலை, தென்னங்குருத்து எல்லாம் அப்படித்தான். தேக்கா சந்தையில் காலையில் லாரியின் பின்கதவைத் திறந்ததும் அடிக்கிற பச்சை வாசனை அடுத்த நாட்டு வாசனை.

அந்த லாரியில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போய்வரும் வேலையில் ஏறக்குறைய இரண்டு வருடம் இருந்தேன். என் கணக்கில் அது நீண்ட காலம். நான் செகண்டரி இரண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கப்பல் பட்டறையில் துரு சுரண்டியிருக்கிறேன், இந்தோனேசியாவில் பாத்தாம் தீவில் கிடங்கு காத்திருக்கிறேன், தாய்லாந்தில் ஹாட்யாயில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாஷை தெரியாமலே ஆறு மாதம் பாத்திரம் தேய்த்திருக்கிறேன். திரும்பி வந்தபோது தங்க இடமில்லாமல் தோ பாயோவில் ஒரு புளோக்கின் கீழ்த்தளத்தில் கொஞ்ச காலம் படுத்திருந்தேன். காற்று நன்றாக வரும், கொசுவும் வரும். ஆட்கள் வேலைக்கு இறங்குவதற்குள் எழுந்து முகம் கழுவிவிட வேண்டும், அவ்வளவுதான். லாரி வேலை கிடைத்தபிறகு ஆங் மோ கியோவில் ஓர் அறை பிடித்தேன்.

லிட்டில் இந்தியாவில் இலை, பூ, கல்யாணச் சாமான் விற்கும் கடை என் முதலாளியுடையது. பக்கத்தில் நிற்பவரிடம்கூட வெளிநாட்டுக்குப் போன் பேசுவதுபோலப் பேசுவார். எனக்கு அங்கே வேலை எளிது. அக்கரைக்குப் போய்ச் சரக்கைப் பார்த்து, நல்லதைப் பொறுக்கி ஏற்றிக்கொண்டு வரவேண்டும். பெர்மிட், ஏஜெண்ட் வேலையெல்லாம் அவர் பார்த்துக்கொள்வார்.

அப்படிப் போனபோதுதான் ஜொகூரில் குலாய் ஊருக்கு வெளியே ஓர் அக்காவைத் தெரிந்துகொண்டேன். எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்தின் ஓரத்தில் குத்தகை நிலம் வைத்திருந்தார். முதலில் பழத்துக்காக வாழை போட்டவர். சந்தையில் மொத்த வியாபாரி எடுப்பார், மிச்சத்தைச் சாலை முக்கில் பீசாங் கோரேங், அதாவது வாழைப்பழ பஜ்ஜி, பொரிக்கும் மலாய் அம்மா வாங்கிக்கொள்வார். பிறகு எங்கள் முதலாளி போன்றவர்கள் இலை கேட்டு வர ஆரம்பித்தார்கள். இலை அறுத்தால் குலை பெருக்காது. இரண்டில் ஒன்றுதான். சிங்கப்பூரின் ஒரு வெள்ளி மலேசியாவில் மூன்று ரிங்கிட்டுக்கு மேல் என்னும்போது யாராக இருந்தாலும் இலையைத்தான் அறுப்பார்கள். அக்காவும் அறுத்தார்.

பீசாங் கோரேங் அம்மாவுக்கு அதில் கோபம். அந்த வயது மலாய்ப் பெண்களை எல்லோரும் மக்சிக் என்று கூப்பிடுவோம், நானும் அப்படித்தான். நான் போய் நின்றாலே வாணலியைக் கரண்டியால் தட்டுவார்.

“வந்துட்டான் பாரு சிங்கப்பூர்க்காரன்,” என்று மலாயில் ஆரம்பிப்பார். “அங்க ஒருத்தனுக்குக் கல்யாணம்னா இங்க என் சட்டி காலி. சனி ஞாயிறு ரோட்டுல எடம் இல்ல, கடையில மீன் இல்ல, முடி வெட்டுறவன் கூட ‘நாளைக்கு வா’ங்கறான். இப்ப வாழைப்பழமும் போச்சு.”

“எனக்கு அஞ்சு துண்டு குடுங்க மக்சிக்.”

“அஞ்சு கிடையாது. மூணு. ஊர்க்காரங்களுக்கு வேணும்.”

ஆனாலும் நான்கு போடுவார்.

பழத்துக்காக மக்சிக் வீடு வீடாகப் போய்க் கொல்லையில் நிற்கும் மரங்களில் குலை வாங்க ஆரம்பித்திருந்தார். எந்த வீட்டில் எந்த மரம் எப்போது குலை தள்ளும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

அக்காவுக்கு இலை வியாபாரம் மட்டும் போதவில்லை. அவருடைய கணவர் தினமும் பைக்கில் பாலம் தாண்டி உட்லண்ட்ஸ் பக்கம் ஒரு தொழிற்சாலைக்குப் போய்வந்தார். விடியக்காலை மூன்று மணிக்கு எழுந்திருப்பார், இருட்டிய பிறகு வீடு வருவார். பல்லாயிரம் பைக்குகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு போகிற பாதை அது. ஒரு மழை நாளில் வழுக்கி விழுந்ததில் முழங்கைக்குள் பிளேட் வைத்திருந்தார்கள். ஒரு மாதத்தில் மறுபடியும் பைக்கில் ஏறிவிட்டார். “பிளேட் நல்ல பிளேட்டு, சிங்கப்பூர் சம்பளத்துல வெச்சது,” என்று காட்டுவார். அக்காவுக்கு அந்த ஜோக் பிடிக்காது.

அவரை அந்தப் பைக்கிலிருந்து இறக்க வேண்டும், அக்காவுக்கு வேண்டியது அது ஒன்றுதான். அதற்கு வழி கல்யாண மரம். இலையைவிடக் குலை தள்ளிய முழு மரத்துக்கு நல்ல விலை. தை மாத முகூர்த்தங்கள் மொத்தமும் கிடைத்தால் நிலத்தைப் பார்க்க இன்னொரு ஆள் வேண்டும், கணவர் வேலையை விட்டுவிடலாம். ஆகவே பழ வியாபாரியிடம் “இனிமே இல்லை” என்று சொல்லிவிட்டு எல்லாவற்றையும் கல்யாணத்துக்கென்று மாற்றினார்.

எங்கள் முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார். “கார்த்திகை கடைசி முகூர்த்தத்துக்கு எட்டு மரம். நாலு ஜோடி. அது நல்லா நின்னா தை மாசம் பூரா அவங்களுக்கு. சொதப்பினா பழைய ஆள்கிட்டயே போயிடுவேன். சொல்லிடு.”

சொன்னேன். அக்கா தலையை ஆட்டிவிட்டு, “பசியாறிட்டியா தம்பி?” என்று கேட்டார். அவ்வளவுதான் பதில்.

கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை, தோ பாயோவில் ஒரு மண்டபத்தில். சனிக்கிழமை காலை லாரியோடு போய் நின்றேன். மழை விட்டு மண் சொதசொதவென்று இருந்தது. கணவரும் லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தார். குலைகளுக்கெல்லாம் நீல பிளாஸ்டிக் பை போட்டிருந்தார்கள். பூச்சி, வௌவால் எதுவும் தொடாமல் இருக்கப் பழத்தோட்டங்களில் போடுவது. ஒவ்வொரு பையும் தலையணை உறைபோலப் புடைத்திருந்தது.

“நீயே பிரிச்சுப் பாரு தம்பி,” என்றார் கணவர், பெண் பார்க்க வந்தவனிடம் சொல்வதுபோல.

முதல் பையைப் பிரித்தேன். அப்படி ஒரு குலையை நான் பார்த்ததில்லை. சீப்பு சீப்பாகச் செழித்து, ஒரு கரும்புள்ளி இல்லாமல் இருந்தது. ஆனால் நுனியில் தொங்க வேண்டிய வாழைப்பூ இல்லை. தண்டு கட்டைவிரல் மாதிரி மொட்டையாக நின்றது. இரண்டாவது மரம், மூன்றாவது மரம், எட்டும் அப்படியே.

அக்கா ஒவ்வொரு தண்டாக நிமிர்ந்து பார்த்தார். கணவர்தான் பேசினார்.

“என்ன? புழு கிழு இருக்கா?”

“பூ எங்கண்ணே?”

“ஒடிச்சிட்டேன்.” அவர் குரலில் இன்னும் பெருமை இருந்தது. “சீப்பு வந்ததும் பூவை ஒடிச்சாத்தானே காய் பெருக்கும்? வேலை விட்டு வந்து, தலையில லைட்டு கட்டிக்கிட்டு, ஒவ்வொண்ணா ஒடிச்சு பை போட்டேன். இவகிட்டகூட சொல்லல. சிங்கப்பூருக்குப் போற மரம், நல்லா இருக்கணும்ல?”

பழம் போடுகிறவர்கள் எல்லோரும் செய்வதுதான் அது. பூ ஒடிந்தால் மரத்தின் சத்து காய்க்குப் போகும். ஆனால் கல்யாண வாசலில் நிற்கும் மரத்துக்குக் காய் பெருப்பது முக்கியமில்லை. குலை தள்ளி, நுனியில் பூ தொங்க முழுசாக நிற்க வேண்டும். பூ இல்லாத மரத்தைக் கட்டினால், வருகிற முதல் கிழவி வாசலிலேயே நின்றுவிடுவாள். வம்சம் நின்றுபோன மாதிரி என்பார்கள். இதை முதலாளி சொல்லியனுப்பவில்லை, யாராவது ஒடிப்பார்கள் என்று அவருக்குத் தோன்றியிருக்காது. அக்கா கணவரிடம் சொல்லவில்லை, அவருக்குத் தெரியாதென்று அக்காவுக்குத் தோன்றவில்லை. கை பழகிய வேலையைக் கை செய்துவிட்டது.

அக்கா கடைசியில் கணவரிடம் கேட்டார். “உங்க கல்யாணத்துக்கு நீங்க வந்தீங்கதானே?”

“வந்தேன்.”

“வாசல்ல மரம் கட்டியிருந்தாங்களே, பாத்தீங்களா?”

“நான் உன்னைத்தானே பாத்துட்டிருந்தேன்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவுக்கும் வந்திருக்கும், அடக்கிக்கொண்டு திரும்பி நின்றார். மற்ற மரங்களில் குலை தள்ளியதையெல்லாம் பார்த்தோம். எல்லாவற்றிலும் அவர் விடாமல் பூவை ஒடித்து வைத்திருந்தார். மிச்சமெல்லாம் கன்று, இல்லையென்றால் இலைக்கு விட்டது.

கணவருக்கு அப்போதுதான் உறைத்தது. முகம் சின்னதாகிவிட்டது. மெதுவாகச் சொன்னார். “சந்தையில வாழைப்பூ விக்கும். வாங்கிட்டு வந்து கம்பி வெச்சு நுனியில கட்டிட்டா? மேல நார் சுத்திட்டா யாருக்கும் தெரியாது.”

“கல்யாண வாசல்ல கம்பி கட்டின பூவா?” என்றார் அக்கா. “அந்தப் பொண்ணு அதுக்குக் கீழ நடந்து போகும். நான் ஒத்துக்க மாட்டேன். ஆர்டர் போனா போகட்டும்.”

“போனா நான் பைக்குல போறேன். எனக்கு என்ன?”

“எனக்குத்தான் என்னவோ பண்ணுது.”

லாரி ஓட்டுநர் சீனர். எங்கள் பேச்சு புரியாமல் மணிக்கட்டைக் காட்டினார். மதியத்துக்குள் கிளம்பவில்லை என்றால் பாலத்தில் இருட்டிவிடும். எனக்கு யோசனையெல்லாம் ஓடவில்லை. பசிதான் எடுத்தது. சாலை முக்குக்குப் போய் மக்சிக்கிடம் நின்றேன். நடந்ததை மலாயில் சொன்னேன். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

“பூவோட மரம் வேணுமா? ஊர்ல யாரு பூ ஒடிக்கறா? எல்லாரும் சோம்பேறி. எங்க அண்ணன் வீட்டுல ஒண்ணு, மசூதிக்குப் பின்னால ஒண்ணு, மெக்கானிக் வீட்டுல ரெண்டு...” விரலை மடக்கிக்கொண்டே போனார். பிறகு நிறுத்தினார். “ஆனா குலையோட வெட்டிக் குடுத்துட்டா அவங்க எதைத் திம்பாங்க? நான் எதைப் பொரிப்பேன்?”

நான் அக்காவின் நிலத்தைப் பார்த்தேன். பிரித்த நீலப் பைகளுக்குள் எட்டுக் குலை. அந்த ஊர்க் கொல்லைகளில் எவருக்கும் அவ்வளவு பெரிய குலை விழுந்திருக்காது.

“மாத்திக்கலாம் மக்சிக். ஒரு மரத்துக்கு ஒரு குலை. பெரிய குலை.”

அவர் உடனே தலையாட்டவில்லை. அடுப்பை அணைத்தார், தலைத்துணியைச் சரி செய்தார், அக்காவிடம் நடந்து வந்து ஒரு குலையைத் தட்டிப் பார்த்தார். பிறகு தன் நிபந்தனையைச் சொன்னார். நிலத்தின் ஒரு மூலை இனிமேல் இலைக்கும் இல்லை, கல்யாணத்துக்கும் இல்லை, பழத்துக்கு மட்டும். அந்தப் பழம் அவருடைய சட்டிக்கு.

“மூணு வரிசை,” என்றார் மக்சிக்.

“ரெண்டு வரிசை,” என்றார் அக்கா.

“ரெண்டு வரிசை, ஆனா பூ ஒடிக்கறது இவரு.” மக்சிக் கணவரைக் காட்டினார். “நல்லா ஒடிக்கறாரு.”

அன்று முன்பகல் முழுக்க ஊரைச் சுற்றினோம். மக்சிக் முன்னால், அக்கா அடுத்து, கணவரும் நானும் குலைகளைத் தோளில் சுமந்துகொண்டு பின்னால். மெக்கானிக் இரண்டு மரத்தையும் பேச்சில்லாமல் கொடுத்தார். எங்கள் குலையைப் பார்த்ததுமே உள்ளே போய்க் கத்தியை எடுத்து வந்துவிட்டார். ஒரு வீட்டில் பூ மட்டும் தருகிறேன், மரம் எதற்கு என்றார்கள். இன்னொரு வீட்டில் இருந்தது கொம்பு மாதிரி நீளக் காய் காய்க்கும் சாதி, அதில் பூவே தங்காது. அதை விட்டோம். மசூதிக்குப் பின்னால் இருந்த பாக்சிக், ரிட்டையர் ஆன மலாய்ப் பெரியவர், தன் மரத்தைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார். வீட்டுக் கூரைக்கு மேல் போன மரம்.

“யாருக்குக் கல்யாணம்?”

“எனக்குத் தெரியாது பாக்சிக். தோ பாயோவுல ஒரு பொண்ணு.”

“நான் வளத்த மரம், எனக்குத் தெரியாத பொண்ணு. சரி. போட்டோ அனுப்பணும். மரத்தோட நிக்கிற போட்டோ.”

நம்பரை என் போனில் அவரே அழுத்திப் பதிந்தார்.

மரத்தை வெட்டிச் சாய்க்கும்போது கணவர் கீழே நின்று பூவை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டார். ஈரச் சாக்கில் சுற்றி, ஆடாமல் கயிற்றால் குலையோடு சேர்த்துக் கட்டினார். வாழைச்சாறு வழிந்து அவர் சட்டை முழுக்கக் கறை. அது எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. அவர் அன்று யாரிடமும் ஜோக் அடிக்கவில்லை. எட்டாவது மரத்தை ஏற்றி முடித்ததும் லாரியின் பக்கவாட்டைக் கையால் தட்டி, “பாத்துப் போ,” என்றார். லாரியிடம் சொன்னாரா என்னிடமா தெரியவில்லை.

பாலத்தில் வழக்கம்போல நின்றோம். எதிர்ப்பக்கம் சிங்கப்பூர்க் கார்கள் மளிகைக்கும் பெட்ரோலுக்கும் மசாஜுக்கும் போய்க்கொண்டிருந்தன. முதலாளி போன் செய்தார்.

“எங்கடா நிக்கிற?”

“பாலத்துல, பாஸ்.”

“பாலத்துல எங்க?”

“நடுவுல.”

“நடுவுல நின்னு என்ன பண்ற, கடல் பாக்கறியா? பொண்ணோட அம்மா மண்டபத்துக்கு வந்துட்டாங்க லா!” கோபம் வந்தால் சிங்கப்பூர் ‘லா’ தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

மண்டபத்தில் இறக்கியபோது வெளிச்சம் இருந்தது. முதலாளி ஒவ்வொரு மரமாகச் சாக்கைப் பிரித்துப் பார்த்தார். பூ எட்டும் உடையாமல் வந்திருந்தன. ஆனால் மரங்கள் ஒன்றுபோல ஒன்று இல்லை. ஒன்று நெட்டை, ஒன்று குட்டை, ஒன்றின் தண்டு சிவப்பு, ஒன்று லேசாகக் கோணல்.

“எட்டு மரம், எட்டுச் சாதி. இது ஒரு தோட்டத்து மரம் இல்லையே?”

மறைக்க ஒன்றும் இல்லை. பூ ஒடிந்ததிலிருந்து ஊர் சுற்றியதுவரை சொன்னேன். கம்பி யோசனையையும் அக்கா அதற்குச் சொன்ன பதிலையும்கூடச் சொன்னேன். அவர் வாய் திறக்காமல் கேட்டது அபூர்வம். “கட்டு. பொண்ணோட அம்மா என்ன சொல்றாங்களோ அதான்,” என்றார்.

உயரம் பார்த்து ஜோடி சேர்த்தோம். பாக்சிக்கின் மரத்துக்கு ஜோடி கிடைக்கவில்லை. மெக்கானிக் வீட்டு மரம் ஒன்றைப் பலகை வைத்துத் தூக்கி அதற்கு ஜோடியாக நிறுத்தினோம். கோணல் மரத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக் கட்டியதும் வாசலை எட்டிப் பார்ப்பதுபோல ஒரு அழகு வந்துவிட்டது. பெண்ணின் அம்மா சேலை முந்தானையைச் செருகிக்கொண்டு வந்தார். பள்ளி ஆசிரியை என்று பிறகு தெரிந்தது. நடையும் வகுப்புக்குள் நுழைகிற நடைதான். பூவை ஒவ்வொன்றாக நிமிர்ந்து பார்த்தார். கோணல் மரத்துக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றார். நான் பலகைக்கு ஆணி அடிப்பதுபோல அடித்துக்கொண்டிருந்தேன்.

“தம்பி, அடிக்கறத நிறுத்துங்க. ஆணி எப்பவோ இறங்கிடுச்சு,” என்றார். பிறகு முதலாளியிடம், “என் தங்கச்சி மக கல்யாணத்துக்கு நீங்கதானே கட்டினீங்க? எல்லா மரமும் யூனிஃபார்ம் போட்ட மாதிரி ஒரே அளவு. எங்க வீட்டுக்காரர் தொட்டுப் பாத்துட்டு பிளாஸ்டிக்கான்னு கேட்டாரு. இது மரமா இருக்கு,” என்றார்.

முதலாளி அதையே எதிர்பார்த்தவர்போலச் சிரித்தார். “ஸ்பெஷலா எடுத்தது மேடம்.”

மறுநாள் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. பாக்சிக்கின் மரத்தடியில் மணமக்களை நிற்கவைத்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பினேன். மரம் முழுசாக வரவேண்டும் என்று பின்னால் போய்ப் போய் எடுத்ததில் மணமக்கள் எறும்பு மாதிரி விழுந்தார்கள். ‘நல்ல குலை’ என்று பதில் வந்தது. சாப்பாடு முடிந்து மரத்தை அவிழ்க்கப் போனபோது இரண்டு ஆன்ட்டிகள் வாழைப்பூவுக்காகக் காத்திருந்தார்கள்.

“தம்பி, பெரிய பூ எனக்கு லா. போன தடவை இவ எடுத்துட்டா.”

“போன தடவை எடுத்தது சின்னது. பொய் சொல்லாதே.”

அதற்குள் இன்னும் ஆறு பேர் சேர்ந்துவிட, எட்டுப் பூவையும் எட்டுப் பேருக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு வந்தேன். முதலாளி வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

“தை மாசம் ஏழு கல்யாணம். எல்லாத்துக்கும் அங்கயே எடு.”

“நெசமாவா பாஸ்?”

“கம்பி கட்டி அனுப்பியிருந்தா நான் கண்டுபிடிச்சிருப்பேன். அப்புறம் அந்தப் பக்கம் தலை வெச்சுப் படுத்திருக்க மாட்டேன். அவங்க அனுப்பல. அது போதும். ஆனா ஒண்ணு, அந்த வீட்டுக்காரரை மரத்துப் பக்கம் விட வேணாம்னு சொல்லு.”

“அவரை மரத்துப் பக்கம் கொண்டு வரத்தான் பாஸ் இவ்வளவும்.”

“அப்ப கையைக் கட்டிப் போடச் சொல்லு.”

மண்டபத்துக்கு வெளியே நிழலில் நின்று அக்காவுக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார். சொன்னேன். அந்தப் பக்கம் சேவல் ஒன்று கூவியது, தூரத்தில் யாரோ மோட்டார் ஓட்டினார்கள்.

“அக்கா? கேக்குதா?”

“கேக்குது தம்பி. அவரு தூங்கறாரு. நேத்து சுமந்ததுல முதுகு பிடிச்சிக்கிச்சு.”

“எழுப்பிச் சொல்லுங்க.”

அக்கா எழுந்து நடப்பது கேட்டது. கதவு கிறீச்சிட்டது. பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“வேணாம். தூங்கட்டும். நாளைக்கு எப்படியும் மூணு மணிக்கு எழுந்திருக்கணும். வேலைய விடறேன்னு நோட்டீஸ் குடுக்கப் போகணும்ல.”